அந்த எர்த் வயர்களை வெட்டியது நான்தான்

மகளே, உனக்கு என் சலாம். நீ மலேசியாவுக்கு விமானம் ஏறி நாற்பது நாளாகிவிட்டது. ஒவ்வொரு நாளும் உம்மாவின் தொலைபேசியில் உன் முகத்தைப் பார்க்கிறேன். சாப்பிட்டாயா, வேலை எப்படி, அங்கே மழையா வெயிலா என்று கேட்கிறேன். நீயும் பதில் சொல்கிறாய். அதற்கு மேல் எனக்கு வாய் வருவதில்லை. மூன்று வருடமாக உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்று நெஞ்சில் கிடக்கிறது. முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லாததால் எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதியிருக்கலாம். ஆனால் உன்னைப் பற்றிய பிழையான கதை ஒன்று ஊருக்கு முன்னால் சொல்லப்பட்டது. அதை ஊருக்கு முன்னால்தான் திருத்த வேண்டும். அதனால் இந்தக் கடிதத்தை நம் பகுதியில் வரும் ஒரு மாதப் பத்திரிகைக்கும் கொடுக்கிறேன். உன் பெயரையும் என் பெயரையும் போடவில்லை. போடாவிட்டாலும் புத்தளத்திலிருந்து கற்பிட்டி வரை எல்லாருக்கும் தெரியும், எந்த வயரிங் வேலைக்கார பாஸ், எந்த மகள் என்று.

நான் இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தேன் என்று உனக்கு ஓரளவு சொல்லியிருக்கிறேன். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, மன்னாரை விட்டு வெளியேறி வந்த எனக்குப் பதினெட்டு வயது. கையில் ஒரு தொழிலும் இல்லை. பாலாவிப் பக்கம் ஒரு கராஜில் பழைய பஸ்களின் வயர்களை உரித்துச் செம்பைப் பிரிக்கும் வேலைதான் முதலில் கிடைத்தது. அங்கிருந்த முதலாளி எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம், "வண்டிட இரும்பெல்லாம் எர்த்துதான். எங்க பூட்டினாலும் வேல செய்யும்" என்பது; கரண்ட் பற்றரிக்குத் திரும்பிப் போகும் வழிதான் எர்த். அந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டு நான் லொறிக்கும் உழவு இயந்திரத்துக்கும் மீன் கூலர் வண்டிக்கும் வயர் இழுத்தேன். உன் உம்மாவைக் கலியாணம் முடித்தேன். வீடு கட்டினேன். உன்னைப் படிக்க வைத்தேன். எனக்குச் சோறு போட்ட பாடம் அது. அது பிழைக்கும் நாள் ஒன்று வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

நீ உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுத் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போகப்போகிறேன் என்றபோது நான் வேண்டாம் என்றேன். ஆசிரியர் வேலைக்குப் படி, இல்லாவிட்டால் தையல் பழகு என்றேன். நீ அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. "வாப்பா, உங்களுக்குப் புடிச்ச வேலதானே எனக்கும் புடிச்சிருக்கு. அதுல என்ன பிழ?" என்று மட்டும் கேட்டாய். உம்மாதான் விண்ணப்பத்தை நிரப்பி, நான் குளித்துவிட்டு வரும் நேரம் பார்த்து, பேனையோடு நான் உட்காரும் கதிரையில் வைத்தார். கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு நான் போட்டது அரை மனக் கையெழுத்து. இன்றைக்கு நினைத்தால், என் வாழ்க்கையில் நான் போட்டவற்றுள் ஆக நல்ல கையெழுத்து அதுதான்.

பெற்றோல் இல்லாத அந்தக் காலம் உனக்கு நினைவிருக்கும். வரிசையில் வண்டியை விட்டுவிட்டு நாட்கணக்காகக் காத்திருந்தோம். எல்லாரும் அரசாங்கத்தை ஏசிக்கொண்டிருந்தார்கள். நீ பின் இருக்கையில் கால்களை மடக்கி உட்கார்ந்து, மடிக்கணினியில் என்ஜின் கம்பியூட்டர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தாய். வண்டியோடு வந்த கம்பியூட்டர் பழுதானால் அதே பெட்டியைத் தேடி அலைய வேண்டியதில்லை, வேறொரு பெட்டியைத் தனியாக வாங்கிப் பூட்டி, நாமே வயர் இழுத்து, இந்த என்ஜின் இப்படித்தான் என்று அதற்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்றாய். நான் சிரித்தேன். "நம்மட ஊருல அதையெல்லாம் யாரு செய்வா?" என்றேன். "நாம செய்வம்" என்றாய். அந்த "நாம" என்ற சொல்லை நான் அப்போது சரியாகக் கவனிக்கவில்லை.

அடுத்த வருடம் ரவூப் நானாவின் வேன் வந்தது. இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ரவூப் நானா, எல்லாரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிறவர், கற்பிட்டிக்காரர். சிறுநீரகம் பழுதாகி, கிழமைக்கு மூன்று நாள் புத்தளத்துக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டிய நோயாளிகளைத் தன் வேனில் ஏற்றி இறக்குகிறவர். ஒரு மாரி மழையில் களப்பின் கடல் தண்ணீர் நிரம்பி வீதிக்கு வந்தபோது, நோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்று அந்த உப்புத் தண்ணீருக்குள்ளால் வேனை ஓட்டிக்கொண்டு வந்தார். இருக்கைக்கு அடியில் இருந்த கம்பியூட்டர் பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டது. கழற்றித் திறந்து பார்த்தபோது உள்ளே பச்சை பூத்திருந்தது. அதே மாதிரிப் பெட்டி இரண்டு தடவை கொழும்பிலிருந்து எடுப்பித்தோம், இரண்டும் பழையவை. ஒன்று ஒரு கிழமை ஓடியது, மற்றது ஸ்டார்ட் ஆகவே இல்லை. ரவூப் நானா என் முன்னால் தலையில் கைவைத்துக்கொண்டு குந்தினார். "பாஸ், வேன் நிண்டா அந்த மனிசர் எப்படிப் போறது?" என்றார். நீதான் முன்னால் வந்து, "நானா, எனக்குக் கொஞ்ச நாள் தாங்க. வேற கம்பியூட்டர் பூட்டி ஓட வெக்கலாம்" என்றாய்.

அந்த நாட்களை நான் மறக்கமாட்டேன். நீ முதலில் ஒரு வயரையும் தொடவில்லை. ஒரு கொப்பியை எடுத்து, என்ஜினில் இருக்கும் ஒவ்வொரு சென்சரையும் வரைந்தாய். சூட்டைக் காட்டுவது, காற்றை அளப்பது, அக்சிலேற்றர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்வது, என்ஜின் எந்த இடத்தில் சுழல்கிறது என்று சொல்வது. ஒவ்வொன்றிலிருந்தும் எந்த நிற வயர், எத்தனை வயர், அது பெட்டியின் எந்த இணைப்புக் காலுக்குப் போகிறது என்று எழுதினாய். அதன் பிறகுதான் வயர் வெட்டத் தொடங்கினாய். ஒவ்வொரு சென்சருக்கும் எர்த் வயரைத் தனியாக எடுத்து, கம்பியூட்டர் பெட்டி வரைக்கும் திருப்பிக் கொண்டுபோனாய். எனக்கு அது விசராக, பைத்தியக்கார வேலையாகப் பட்டது. "பக்கத்துல என்ஜின்ட இரும்பு இருக்கு. அதுல ஒரு போல்ட்டு. முடிஞ்சிது வேல" என்றேன். "இல்ல வாப்பா, சென்சர் சொல்ற கத மெல்லிய கத. அதுட எர்த்து வேற ஆக்கள்ட எர்த்தோட கலக்கப்படாது" என்றாய். நான் சரி என்று தலையாட்டினேன். மனம் ஆட்டவில்லை.

டேஷ்போர்டில் சின்னத் திரை ஒன்று வைத்து, கம்பியூட்டர் அதனுடன் கதைப்பதற்கு இரண்டு டேட்டா வயர்களை முறுக்கி முறுக்கிக் கொண்டுபோனாய். இரண்டு முனையிலும் சின்ன மின்தடையொன்றை வைத்தாய். பற்றரியைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு வயருக்கும் குறுக்கே மீற்றரைப் பிடித்து, "அறுபது ஓம் காட்டோணும் வாப்பா, காட்டினாத்தான் லைன் சரி" என்றாய். நான் எட்டிப் பார்த்து, "அறுபது காட்டுது" என்றேன். "ஓமா?" என்றாய். "ஓம், ஓம்தான்" என்றேன். அளவு ஓமும் 'ஆம்' என்ற ஓமும் கலந்துபோய், இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். முதல் தடவை சாவியைத் திருப்பி, அந்த என்ஜின் இருமி இருமிப் பற்றி, பிறகு அமைதியாக ஓடத் தொடங்கியபோது ரவூப் நானா இரண்டு கையையும் ஏந்தி துஆ கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, நல்ல மனதோடு ஒரு வார்த்தை சொன்னார். "பாஸ், மகள் உங்கள மிஞ்சிட்டா."

மகளே, இப்போது சொல்லப்போவதுதான் கஷ்டம். அந்த வார்த்தையைக் கேட்டு ஒரு தகப்பனுக்கு நெஞ்சு நிரம்ப வேண்டும். எனக்கும் நிரம்பியது, பொய் சொல்லவில்லை. ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று குத்தியது. முப்பது வருடத்துக்கு மேல் இந்த ஊரில் வயர் என்றால் நான்தான். இப்போது என் கராஜிலேயே, என் கண் முன்னாலேயே ஒருவர் என்னைத் தாண்டிப் போய்விட்டார், அது என் பிள்ளை. பொறாமை என்ற சொல்லை என் மகள் மேல் வைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து நீ ஒரு நேர்முகப் பரீட்சைக்காகக் குருநாகலுக்குப் போனாய். வேனைக் கொடுக்க முதல் வயர்க்கட்டை ஒதுக்கிக் கட்டும் வேலை மட்டும் மிச்சம். "நான் வந்து கட்டுறன் வாப்பா, நீங்க கஷ்டப்பட வாணாம்" என்று சொல்லிவிட்டுப் போனாய். நான் பொறுக்கவில்லை. கட்டு தடித்திருந்தது, என்ஜின் பக்கம் போகும் துவாரத்துக்குள்ளால் போக மறுத்தது. நீ தனியாக இழுத்த எர்த் வயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரும்பெல்லாம் எர்த் என்று என் கை சொன்னது. வெட்டினேன். எல்லாவற்றையும் ஒன்றாக முறுக்கி, ஒரு வளையம் அழுத்தி, என்ஜின் பக்கத்தில் ஏற்கெனவே இருந்த ஒரு போல்ட்டில் பூட்டினேன். அந்தப் போல்ட்டில்தான் ரேடியேட்டர் ஃபேனின் எர்த்தும் பூட்டியிருந்தது. ஸ்டார்ட் பண்ணினேன், வேன் அழகாக ஓடியது. பார்த்தாயா, இவ்வளவு வயர் தேவையே இல்லை என்று எனக்குள் ஒரு சந்தோசம். நீ வந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். நீ வரும்போது ரவூப் நானா வேனைக் கொண்டுபோய்விட்டார். நானும் சொல்லவில்லை.

பத்து நாள் வேன் ஓடியது. பதினோராவது நாள், வெயில் ஏறிய நேரம், பாலாவிக்கு இந்தப் பக்கம் நடு வீதியில் நின்றுவிட்டது. உள்ளே நான்கு நோயாளிகள். அதில் ஒருவர் ஏத்தாளையில் இருந்து வரும், ஓய்வு பெற்ற டீச்சர். ரவூப் நானா சாவியைத் திருப்பினால் என்ஜின் பற்றும், ஃபேன் சுழன்றதும் செத்துப்போகும். நிழல் இல்லாத இடம். டீச்சருக்கு மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. கடைசியில் அந்த வழியால் வந்த ஒரு மீன் லொறியை மறித்து, டீச்சரையும் இன்னொருவரையும் முன்னால் ஏற்றி, மற்ற இருவரையும் முச்சக்கர வண்டியில் அனுப்பியிருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ், எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பிந்தித்தான் சேர்ந்தார்கள். டீச்சரை அன்றைக்கு அங்கேயே மறித்து வார்ட்டில் வைத்தார்கள்.

பின்னேரம் ரவூப் நானா வேனைக் கட்டி இழுத்துக்கொண்டு கராஜுக்கு வந்தார். அசர் தொழுதுவிட்டு வந்தவர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள், பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். அவர் பயத்தில் இருந்தார், அந்தப் பயம் கோபமாக வந்தது. "பொம்புளப் புள்ளைட கையில நாலு உசுரக் குடுத்தது என்ட பிழ! வெளையாட்டுச் சாமானா இது?" என்று கத்தினார். நான் உனக்குப் பக்கத்தில் நின்றேன். என் கண் நேராக அந்தப் போல்ட்டுக்குத்தான் போனது. எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது, மகளே. ஃபேன் சுழன்றதும் சாகிறது என்று அவர் சொன்னவுடனேயே விளங்கிவிட்டது. ஒரு வசனம் போதும். "நான் மாத்தினன் நானா" என்ற ஒரு வசனம். நீ ஒரு அடி முன்னால் வந்து, "என்ட வேலதான் நானா. என்னை மன்னிச்சுக்கங்க. நான் பாக்கிறன்" என்றாய். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாள் காலை நீ பொனட்டைத் திறந்தாய். வெட்டிய இடத்தை நீ பார்த்த விதத்தை நான் பார்த்தேன். நான் டேப் சுற்றினால் கடைசி நுனியை மடித்துவிடுவேன், பிறகு உரிக்க லேசாக இருக்கும் என்று. இந்த ஊரில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. நீ அந்த மடிப்பைக் கொஞ்ச நேரம் விரலால் தொட்டுக்கொண்டு நின்றாய். பிறகு என்னைக் கூப்பிட்டாய். நீ ஏசப்போகிறாய் என்று நினைத்தேன், ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். நீ என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, நிறுத்திவிட்டு, மீற்றரை என் கையில் தந்தாய். "ஒரு நுனிய பற்றரி மைனஸ்ல வைங்க வாப்பா, மத்தத இந்தப் போல்ட்டுல" என்றாய். வைத்தேன். ஒன்றும் காட்டவில்லை. நீ ஃபேனைப் போட்டாய். மீற்றர் அரை வோல்ட்டுக்கு மேல் ஏறியது. "இப்ப திரையப் பாருங்க" என்றாய். ஃபேன் சுழன்ற அதே நொடியில், என்ஜின் சூடு என்று காட்டிய இலக்கம் சடாரென்று கீழே விழுந்தது. "இவ்வளவு சூடு ஒரு நொடியில ஆறுமா வாப்பா? இந்தப் போல்ட்டு பத்து நாள் தாங்கியிருக்கு, துரு கூடினதும் தாங்கல்ல. ஃபேன் இழுக்கிற கரண்டு இதால போகக்குள்ள, சென்சர்ட எர்த்து மேல தூக்குது. அது பாவம், பிழையாச் சொல்லுது. என்ஜின் சுத்துற சென்சரும் இதுலதானே இருக்கு, அது சொல்றது கம்பியூட்டருக்கு விளங்காமப் போற நேரம் என்ஜின் நிக்கிது."

நான் தலை குனிந்து நின்றேன். நீ அந்த வளையத்தைக் கழற்றி, ஒவ்வொரு வயரையும் பிரித்து, புதிய வயர் சேர்த்து, மறுபடியும் பெட்டி வரைக்கும் கொண்டுபோனாய். வேலை முடிந்து கை துடைக்கும்போது, என் முகத்தைப் பார்க்காமல், "இது தெரியாம எத்தின பேர் செய்றாங்க வாப்பா" என்றாய். அவ்வளவுதான். நீ செய்தாய் என்று சொல்லவில்லை, யார் செய்தது என்று கேட்கவுமில்லை. என் வயதில் ஒரு மனிதன் தன் அறியாமையை உணர்ந்து, வெட்கப்படாமல் கற்றுக்கொள்ள ஒரு வழி செய்து தந்தாய். ரவூப் நானா வேனை எடுக்க வந்து, என்ன பிழை என்று கேட்டபோது, "ஒரு எர்த்து பிழையா இருந்திச்சி நானா. இனி வராது" என்றாய். அவர் முகம் கொடுத்துக் கதைக்காமல் போனார்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வேன் ஓடியது, அந்தக் கதையும் கூடவே ஓடியது. உடப்பு ஊரில் ஐஸ் லொறிகள் வைத்திருந்த ஒருவர், தன் வண்டிகளுக்கு உன்னைக் கேட்டிருந்தவர், பிறகு வரவே இல்லை. கராஜுக்கு வந்தவர்கள் உன்னைத் தாண்டி என்னைப் பார்த்து, "நீங்க செய்ங்க பாஸ்" என்றார்கள். நானும் செய்தேன். சில மாதத்தில் நீ கொழும்புக்கு வேலைக்குப் போனாய். அங்கிருந்து இப்போது மலேசியா. நீ போனது உன் திறமையால் என்று எல்லாரிடமும் சொல்கிறேன், அது உண்மைதான். ஆனால் நம் ஊரிலேயே நீ செய்திருக்கக்கூடிய வேலையை நான் என் மௌனத்தால் இல்லாமலாக்கினேன் என்பதும் உண்மை. நீ இனி பல பேரோடு வேலை செய்வாய், நாளைக்கு உனக்குக் கீழும் ஆட்கள் வருவார்கள். என்னிடமிருந்து ஒரு புத்தி எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்: இன்னொருவர் செய்த வேலையை அவர் இல்லாத நேரம் திறக்காதே. திறந்தால் சொல். சொல்லாமல் விட்ட முதல் நாள்தான் லேசு, பிறகு ஒவ்வொரு நாளும் அது கனத்துக்கொண்டே போகும்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து தேத்தண்ணிக் கடையில் இருந்தேன். உன் புதிய வேலையைப் பற்றி ஒருவர் விசாரித்தார். பக்கத்து மேசையில் இருந்தவர், "அண்டைக்கு ரவூப் நானாட வேன நிப்பாட்டின புள்ளைதானே" என்று சொல்லிச் சிரித்தார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, ஒரு பகிடிக்குச் சொன்னார். நானும் சிரிப்பது போல வாயைக் கோணினேன். அந்தச் சிரிப்போடு வீட்டுக்கு வந்தேன். மூன்று வருடத்துக்கு முன் பயத்தில் பேசாமல் இருந்தேன் என்றாவது சொல்லலாம். இன்றைக்கு என்ன சாட்டு?

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கற்பிட்டிக்குப் போனேன். ரவூப் நானா முற்றத்தில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். "என்ன பாஸ், சொல்லாமக் கொள்ளாம?" என்று கதிரை எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன், போல்ட்டை, வெட்டியதை, அவர் கத்திய நேரம் நான் வாயை மூடிக்கொண்டு நின்றதை. அவர் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டார். தண்ணீர் முற்றத்தில் ஓடிக்கொண்டே இருந்தது.

"மூணு வருசம் பாஸ்" என்றார். "அந்தப் புள்ளைய நான் சந்தி சந்தியாச் சொல்லித் திரிஞ்சேன். நீங்க கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

"ஓம் நானா."

"இதெ எனக்கு மட்டும் சொல்லிப் போட்டு போக ஏலா. நான் ஊருக்குச் சொன்னவன். வேன்ல அண்டைக்கு இருந்த ஆக்கள்ல ரெண்டு பேர் இண்டைக்கும் வாறாங்க. ஏறுங்க."

ஏறினேன். ஏத்தாளையில் டீச்சரின் வீட்டு வாசலில் வேன் நின்றது. மெலிந்துபோயிருந்தார், ஆனால் குரல் வகுப்பறைக் குரல்தான். உள்ளே மற்ற நோயாளிகளும் இருந்தார்கள். நான் இறங்கி, வேன் கதவைப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். டீச்சர் கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "அண்டைக்கு ரோட்டில நிக்கேக்க, இதோட முடிஞ்சுது எண்டுதான் நினைச்சனான். பயந்ததுக்கு உங்களில எனக்குக் கோவம் இருக்கு, இல்லையெண்டு சொல்லமாட்டன்" என்றார். நான் தலையாட்டினேன். "ஆனா அதுக்குப் பிறகு கிழமைக்கு மூண்டு நாள், மூண்டு வருசம். இந்த வேன் என்னை ஒருநாளும் நடுவழியில விடேல்ல. அது ஆருடைய வேலை?"

"மகள்ட வேல டீச்சர்."

"அப்ப அவவுக்கு ஆராவது நன்றி சொன்னவையா?"

ரவூப் நானா ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எழுதுங்கோ" என்றார் டீச்சர். "நான் சொன்னனெண்டு எழுதுங்கோ. எல்லாரும் வாசிக்கிற மாதிரி எழுதுங்கோ." அதனால்தான் இது பத்திரிகைக்குப் போகிறது. டீச்சரின் நன்றியை இதோ உன்னிடம் சேர்த்துவிட்டேன். அவரோடு அந்த வேனில் ஏறி இறங்கும் எல்லாருடைய நன்றியும் இதற்குள் இருக்கிறது. ரவூப் நானா உன்னோடு தானே பேச வேண்டும் என்று உன் இலக்கத்தை வாங்கினார். அவர் எடுத்தால் பேசு, மகளே. மனிதர் கத்தத் தெரிந்த அளவுக்கு மன்னிப்புக் கேட்கப் பழகவில்லை, கொஞ்சம் தடுமாறுவார்.

லுஹர் தொழுகை நேரம் வீட்டுக்கு வந்து உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தார், கையை நிறுத்தவில்லை. "எனக்குத் தெரியும்" என்றார். எனக்கு விளங்கவில்லை. "அண்டைக்கே மகள் எனக்குச் சொல்லிட்டா. ஏன் வாப்பாவக் காட்டிக் குடுக்கேல்ல எண்டு கேட்டேன். அதுக்கு அவ, வாப்பாட கைய நம்பித்தான் ஆக்கள் கராஜுக்கு வாறாங்க உம்மா, நான் எங்க போயும் பொழச்சிக்குவன், வாப்பா இனி எங்க போற எண்டு கேட்டா. உங்களுக்குச் சொல்ல வாணாமெண்டு சத்தியம் வாங்கிக்கிட்டா." சொல்லிவிட்டு மீனைக் கழுவ எழுந்து போனார். நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மகளே, உனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. எனக்கு இருந்ததெல்லாம் போய்விடுமோ என்று பயந்து உன்னை விட்டுக்கொடுத்தவன் நான். உனக்கு வரவேண்டியதெல்லாம் போனாலும் பரவாயில்லை என்று என்னைக் காப்பாற்றியவள் நீ. நான் அல்லாஹ்விடம் உனக்காக நிறையக் கேட்டிருக்கிறேன், நல்ல படிப்பு, நல்ல வாழ்க்கை என்று. இப்படியொரு பிள்ளையைத் தா என்று கேட்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கேட்காமலே தந்திருக்கிறான்.

மூன்று வருடமாக என் பெயரை நீ தூக்கிக்கொண்டு திரிந்தாய். இறக்கி வைத்துவிடு. இனி அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

உன் வாப்பா